ஒரு மச்சத்தைத் தேடித் திண்டுக்கல்லுக்கு

என் கணவரின் கழுத்தில் மச்சம் கிடையாது. முப்பது வருடமாகக் கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனால் திண்டுக்கல்லில் அவர் படித்த உயர்நிலைப் பள்ளி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'அங்க அடையாளம்: கழுத்தின் இடப்பக்கம் ஒரு மச்சம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அவருடைய இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு ஓடுகிறது. பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ஊர் மலேசியாவில் ஈப்போ. பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். அவர் என் அப்பாவின் சாப்பாட்டுக் கடைக்குச் சமையல் வேலைக்கு வந்தவர். அப்பாவிடம், புருவத் தழும்பு மஞ்சுவிரட்டில் மாடு குத்தியது என்று சொன்னார். அப்பா அதிலேயே மயங்கிப் பெண்ணைக் கொடுத்துவிட்டார். இத்தனை வருடமாகியும் அவருக்குச் சிவப்பு அடையாள அட்டைதான். நிரந்தரமாக இருக்கலாம், குடிமகன் ஆக முடியாது. நாங்கள் எல்லோரும் ஓட்டுப் போடக் கிளம்பினால் இவர் மட்டும் வாசலில் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மனுவுக்கு மேல் மனுப் போட்டு, ஒருவழியாக நேர்காணல் வரை வந்தோம். அதிகாரி தங்கமான மனிதர். சான்றிதழின் மொழிபெயர்ப்பை நிதானமாக வாசித்தார். பிறகு மலாயில், மிகவும் மரியாதையாக, "ஐயா, கொஞ்சம் கழுத்தைக் காட்டுங்கள்" என்றார்.

இவர் காட்டினார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். "மச்சம் இல்லையே. இது உங்கள் சான்றிதழ்தானா? பள்ளியிலிருந்து ஒரு விளக்கக் கடிதம் கொண்டுவாருங்கள். இந்த மாதத்துக்குள் வராவிட்டால், இது வேறு யாருடையதோ என்று எழுதிக் கோப்பை மூடுவதைத் தவிர எனக்கு வழியில்லை."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இத்தனை வருஷம் இதை நீங்க பார்க்கவே இல்லையா?"

"பாத்தேன். அதைப் போய் யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன்."

அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. விமானத்தில் உட்காரக் கூடாது. ஆக, அவர் பார்த்தும் கண்டுகொள்ளாமல் விட்ட மச்சத்தைத் தேடி நான் கிளம்பினேன்.

முதல் நாள்.

திண்டுக்கல் ரயில் நிலைய வாசலில் ஆட்டோக்காரர்களிடம் பள்ளியின் பெயரைச் சொன்னேன். மூன்று பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காமவர், "ஏறுங்கம்மா, எனக்குத் தெரியாத ஸ்கூலா?" என்றார். கால் மணி நேரம் சந்து சந்தாகப் புகுந்து ஒரு பள்ளியின் முன் நிறுத்தினார். உள்ளே பிள்ளைகள் சத்தம் காதைப் பிளந்தது.

"அண்ணே, நான் கேட்டது மூடிப்போன பள்ளிக்கூடம்."

"மூடிட்டாங்கன்னா எதுக்கும்மா அங்க போறீங்க?"

அடுத்து ஒரு கல்யாண மண்டபத்தின் முன் நிறுத்தினார். முன்பு இது பள்ளிக்கூடமாக இருந்ததாம். பொறுமை போய், மழை பெய்தால் வகுப்பே தும்மும் என்று கணவர் சொல்லியிருந்ததை எரிச்சலோடு சொன்னேன்.

அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். "அட, தும்மல் பள்ளிக்கூடமா! மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?"

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு நெரிசலான சந்து. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் சாமான் கடை, இரும்புக் கடை. நடுவில் ஓர் இரும்புக் கதவு. கதவை மறித்துப் பைக்குகள் வரிசையாக நின்றன. பஜ்ஜி வண்டி ஒன்றைக் கதவுக் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். பெயர்ப்பலகை இருக்க வேண்டிய இடத்தில், தலையில் பூக்கிரீடம் வைத்த இரண்டு குழந்தைகளின் காதணி விழா பேனர் தொங்கியது. இந்தப் படத்துக்குப் பின்னால்தான் பள்ளியின் பெயர் இருக்கிறது என்று ஆட்டோக்காரர் விரலை நீட்டிச் சத்தியம் செய்தார். மேல்சுவரில் ஓர் அரசங்கன்று வேரோடி, கட்டடத்தை விடச் செழிப்பாக நின்றது.

எதிரே டீக்கடை. நம் ஊர் கோப்பியில் பாதி அளவுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதியே நாக்கில் ஒரு மணி நேரம் நிற்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"இந்தப் பள்ளிக்கு வாட்ச்மேன் யாராவது இருக்கிறாங்களா?" என்று டீ போடுபவரிடம் கேட்டேன்.

"இருந்தாரு."

"இப்ப?"

"இப்ப இல்ல."

அதற்கு மேல் கேட்டதுதான் தப்பு. வாட்ச்மேனை விட்டுவிட்டு எல்லோரும் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர், இது புகையிலைக் குடோன், அதனால்தான் தும்மல் என்றார். டீக்கடைக்காரர், "அதெல்லாம் இல்ல, தோல் ஷாப்பு. எங்கப்பா இங்கதான் தோல் இறக்குனாரு" என்றார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிராமலே, "பூட்டுப் பட்டறை" என்றார். ஈப்போவில் பழைய கட்டடம் என்றால் வாசலில் ஒரு பலகை இருக்கும், மூன்று மொழிகளில் வரலாறு எழுதியிருக்கும். இங்கே பலகைக்குப் பதில் மூன்று பேர் இருக்கிறார்கள். யாரும் மற்றவர் சொல்வதைக் கேட்பதில்லை. கடைசி வரை வாட்ச்மேன் எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாப்பிட்ட பிரியாணியைப் பற்றி எழுதவில்லையென்றால் கணவர் கோபித்துக்கொள்வார். சீரகச் சம்பா அரிசி, மிளகுக் காரம், கறி பஞ்சு மாதிரி. நன்றாகத்தான் இருந்தது. சமையற்காரி என்ற முறையில் அதில் குறை கண்டுபிடிக்க முயன்று தோற்றேன். அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

இரண்டாம் நாள்.

ஒரு கல்வி அலுவலகத்தில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மேசைக்காரர் என் தாளைப் பார்த்துவிட்டு, "ஸ்கூலே இல்ல. இல்லாத ஸ்கூலு எப்படிம்மா லெட்டர் குடுக்கும்?" என்றார்.

"அப்ப நான் யாரைப் பார்க்கிறது?"

"மச்சம்தானே? அதையெல்லாம் யாரும்மா பாக்கப் போறா?"

அவர் மேசையில் கனமாக ஒரு காகித எடை இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றேன். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு என் முகம் புரிந்திருக்க வேண்டும். மூடிய பள்ளியின் பதிவேடுகளுக்கு நாலு தெரு தள்ளியிருக்கும் இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர்தான் பொறுப்பு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். இந்த ஒரு வரிக்குத்தான் அரை நாள்.

அந்தத் தலைமையாசிரியரின் பெயர் கஸ்தூரி. ஐம்பது வயதிருக்கும். பேசும்போதே மூன்று கோப்பில் கையெழுத்துப் போட்டு, ஜன்னல் வழியாக ஒரு பையனை அதட்டி, எனக்கு நாற்காலியும் காட்டினார். மலேசியா என்றதும், "செத்த நேரம் உக்காருங்கம்மா" என்றவர், சொன்னது போலவே ஐந்தே நிமிடத்தில் திரும்பினார். இந்த ஊரில் சொன்னபடி நடந்த முதல் காரியம் அதுதான்.

"ரெக்கார்டு எல்லாம் இன்னும் அந்த பில்டிங்ல பீரோவுலதான் இருக்கு. இங்க வைக்க எடமில்ல. செல்வியை அனுப்புறேன், போய்த் தேடுங்க."

செல்வி அந்தப் பள்ளியின் அலுவலக உதவியாளர். போகும் வழியில், "சாப்ட்டீங்களாக்கா? மொதல்ல சாப்பிடுங்க. உள்ள போனா தூசியில பசியே எடுக்காது" என்று ஒரு மெஸ்ஸில் உட்கார வைத்தாள். பரிமாறுபவர், "வெஞ்சனம் என்ன வைக்கட்டும்?" என்று கேட்டார். முப்பது வருடமாக என் கணவர் எங்கள் கடையில் தொட்டுக்கொள்ளும் கறிக்கெல்லாம் வெஞ்சனம் என்று சொல்லி, வாடிக்கையாளர்களை விழிக்க வைப்பார். இங்கே அதைக் கேட்டு யாரும் விழிக்கவில்லை.

பைக்குகளை நகர்த்தி, பஜ்ஜி வண்டிக்காரரைக் கெஞ்சி, ஒருவழியாகக் கதவைத் திறந்தோம். உள்ளே காலடி வைத்ததும் தும்மினேன். மழையே இல்லை.

வகுப்புக்கு வகுப்பு தரை உயர்ந்தும் தாழ்ந்தும் போனது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போக இரண்டு படி ஏற வேண்டும், பத்தாம் வகுப்புக்கு ஒரு படி இறங்க வேண்டும். சுவர்களில் அம்புக்குறிகள். ஆண் வாக்காளர் இந்தப் பக்கம். தடுப்பூசி முகாம் அந்தப் பக்கம். ரேஷன் அட்டை திருத்தம் நேரே. மூடிய பிறகு ஊரே இதற்குள் வந்து போயிருக்கிறது, பிள்ளைகளைத் தவிர. முற்றத்தில் ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கியது.

"பெல்லுக்கா அது. அடிச்சா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குமாம்."

"ஏன் இதை மூடினாங்க?"

"சுத்தி வீடுக எங்கக்கா இருக்கு? எல்லாம் கடையாப் போச்சு. வீடு இருக்கிற பக்கம் இங்கிலீஷ் ஸ்கூல் வேன் வாசல்லயே வந்து நிக்குது. கடைசி வருசம் வாத்தியாருக அதிகமா, பிள்ளைக அதிகமான்னு எண்ணிப் பாத்துதான் சொல்லணும்."

பீரோவில் கரையான் பாதி, காகிதம் பாதி. இரண்டு மணி நேரம் தேடினோம். பள்ளியின் பழைய குறிப்பேடு ஒன்று முதலில் அகப்பட்டது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், மூன்று வியாபாரிகளின் அடுத்தடுத்த சரக்குக் கிட்டங்கிகளை நடுச்சுவர் இடித்துச் சேர்த்து, 'ஓராண்டுக்கு மட்டும் தற்காலிகமாக' பள்ளி தொடங்குவதாக எழுதியிருந்தது. ஒன்று புகையிலை, ஒன்று தோல், ஒன்று பூட்டுப் பட்டறை. டீக்கடையில் சண்டை போட்ட மூன்று பேரும் சொன்னது சரிதான். ஆளுக்கு ஒரு அறையை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஓராண்டு முடிந்ததும் எங்கே போவது என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அந்த ஓராண்டிலேயே மூன்று தலைமுறை படித்து முடித்துவிட்டது.

பிறகு செல்வி ஒரு நீள நோட்டைத் தட்டி எடுத்தாள். "அக்கா, இதுதான். அங்க அடையாள நோட்டு."

அந்தக் காலத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் ஓவிய ஆசிரியர் பையன்களைப் பெஞ்சு வாரியாக நிறுத்தி, சட்டையைத் தூக்கி, மச்சத்தையும் தழும்பையும் தேடிக் குறித்துக்கொள்வாராம். மூன்றாவது பெஞ்சில் என் கணவர் இருந்தார். 'பெ. கணேசன், வடமதுரை. இடது புருவத்தில் தழும்பு.' அவருக்கு அடுத்து, தோளோடு தோளாக, இன்னொருவர். 'பெ. கணேசன், சின்னாளபட்டி. கழுத்தின் இடப்பக்கம் மச்சம்.' ஒருவரின் அப்பா பெருமாள், மற்றவரின் அப்பா பெரியசாமி. பெஞ்சு வரிசை நோட்டிலிருந்து பெயர் வரிசைப் பட்டியலுக்கு எழுதும்போது ஓவிய ஆசிரியர் ஊரைக் கவனிக்கவில்லை. இவருடைய தழும்பு அவருக்கும், அவருடைய மச்சம் இவருக்கும் போய்விட்டது.

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கஸ்தூரி மேடத்திடம் ஓடினேன். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "தப்பு நம்ம மேலதான். ஆனா ஒருத்தருக்கு மட்டும் நான் எழுத முடியாதும்மா."

"ஏன்?"

"ஒங்க வீட்டுக்காரருக்கு மச்சம் இல்லை, தழும்புதான்னு எழுதிட்டேன்னு வைங்க. தழும்பு ரெண்டு பேருக்கும் ஆயிரும். மச்சம் யாருக்கும் இல்லாம அந்தரத்துல நிக்கும். நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. அந்தக் கணேசனையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து எழுதித் தாரேன். ஒங்க வீட்டுக்காரரை போன்ல பாத்துக்கிறேன்."

கணக்குப்படி அவர் சொன்னது சரி.

கணவரை அழைத்தேன். "சின்னாளபட்டிக் கணேசனைத் தெரியுமா?"

"தெரியும். ஆனா அவன் இப்ப எங்க இருக்கானோ" என்றார். மருந்து சாப்பிட நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். மருந்து நேரத்தை அவராக நினைவு வைத்திருந்தது அதுவே முதல் தடவை.

மூன்றாம் நாள்.

சின்னாளபட்டிக்குப் பேருந்தில் ஏறினேன். 'மதுரை' என்று எழுதியிருந்தது, அந்த வழிதானே என்று நினைத்தேன். ஊருக்கு வெளியே போனதும் நடத்துநர், "இது பைபாஸ்ல போற பஸ்சும்மா, சின்னாளபட்டி நிக்காது" என்றார்.

"ஏறும்போதே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

பேருந்தில் பாதிப் பேர் எனக்காக வாதாடினார்கள். மீதிப் பேர் எந்த நிறுத்தத்தில் இறக்கினால் எனக்கு நல்லது என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள். நான் எங்கே இறங்க விரும்புகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் காந்திகிராமத்துப் பக்கம் இறக்கிவிட்டார்கள். உச்சிவெயில், பக்கத்தில் லாரிகள். ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக, ஒரு மூட்டை முருங்கைக்காயை மடியில் வைத்துக்கொண்டு போனேன். முருங்கைக்காய் என்னுடையது அல்ல.

நெசவாளர் தெருவில் ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்து, "பெரியசாமி மகன் கணேசன் வீடு எது?" என்றேன்.

தறியை நிறுத்தாமலே ஒருவர் திருப்பிக் கேட்டார். "எந்தக் கணேசன்? பால் கணேசனா, கட்டைக் கணேசனா, மிலிட்டரி கணேசனா?"

"திண்டுக்கல்லில் படித்தவர்."

"அப்ப மிலிட்டரி கணேசன்."

"ராணுவத்தில் இருந்தாரா?"

"போகாததாலதாம்மா அந்தப் பேரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் ஒரு கல்யாண மண்டபத்தின் மேலாளராக இருந்தார். நான் போன நேரம் முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டு, முதுகை நேராக வைத்து வாசலில் நின்றார். கையில் விசில். அதை ஊதித்தான் பந்தியை உட்கார வைத்தார், எழுப்பினார். நான் வாயைத் திறக்குமுன், "மொதல்ல சாப்பிடுங்கம்மா, அப்புறம் எதுவானாலும்" என்று இலை முன் உட்கார வைத்துவிட்டார். யார் கல்யாணமோ தெரியாது. பக்கத்து இலை அம்மா, "பையன் வீடா, பொண்ணு வீடா?" என்றார். "மலேசியா" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. வத்தக்குழம்பு பிரமாதம், பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போடக் கற்றுக்கொண்டேன்.

கை கழுவி வந்து, சான்றிதழை எடுத்து நீட்டினேன். அவர் வாசித்தார். அவருடைய கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"நீங்க வடமதுரைக் கணேசன் சம்சாரமா?"

"ஆமாம்."

விசிலைப் பையில் போட்டார். சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தருகே இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

"சர்டிபிகேட்டு வாங்கின அன்னைக்கே பாத்துட்டேன்மா. புருவத்துல தழும்புன்னு போட்டிருக்கு. டிராயிங் சார்கிட்ட ஓடினேன். 'போடா, இதை யாரு பாக்கப் போறா'ன்னாரு. சரின்னு வந்துட்டேன். மிலிட்டரி செலக்‌ஷனுக்குப் போனேன். ஓட்டத்துல முத ஆளு நாந்தான். கயிறு ஏறினேன். நெஞ்சளவு, கண்ணு, காது எல்லாம் சரியாப் போச்சு. கடைசியில சர்டிபிகேட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு ஆபீசர் என் மூஞ்சியவே பாத்தாரு. 'தழும்பு எங்கே?'ன்னாரு. ஆள் மாறாட்டம்னு கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாங்க."

பாத்திரங்கள் விழுந்து உருளும் சத்தம். அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"அடுத்த செலக்‌ஷனுக்கு முன்னாடி திருத்தி வாங்கிரலாம்னு ஸ்கூலுக்குப் போனேன். ஹெட்மாஸ்டர், அந்த இன்னொரு கணேசனையும் கூட்டிட்டு வா, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் எழுதுவேன்னுட்டாரு. வடமதுரைக்குப் போனா, மலேசியாவுக்குப் போயிட்டான்னாங்க. அட்ரஸ் வாங்கி லெட்டர் போட்டேன். ரெண்டு லெட்டர். பதில் இல்ல. வயசு தாண்டிப் போச்சு."

வெட்கமாக இருந்தது. மூன்று நாள் அலைச்சலுக்கு நான் இந்த ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன்.

"அவனைத் தப்பு சொல்லலம்மா. கோவம் இருக்கத்தானே செய்யும்? அந்தத் தழும்பைப் போட்டதே நாந்தானே."

"மாடு குத்தினதுன்னு..."

"மாடா?" முதல் தடவையாகச் சிரித்தார். "ஸ்கூல்ல தண்டவாள பெல்லு இருக்குல்ல, அதைச் சுத்தி விளையாடும்போது வேகமாத் தள்ளிவிட்டேன். அது ஆடி வந்து அவன் புருவத்தைக் கிழிச்சிருச்சு. நான் போட்ட தழும்பு என் பேர்லயே ஏறிருச்சு, அம்புட்டுதான்னு நெனச்சுக்கிட்டேன்."

கஸ்தூரி மேடம் அவரையும் வரச் சொன்னதைச் சொன்னேன். நாளை மண்டபத்தில் முகூர்த்தம் இல்லை, காலையில் வாரேன் என்றார். சம்மதிக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் கணவரை அழைத்தேன். "கடுதாசி வந்ததா?"

எந்தக் கடுதாசி என்று அவர் கேட்கவில்லை. "வந்துச்சு."

"இரண்டும்?"

"ரெண்டும். அப்பதான் பர்மிட்டு குடுத்திருந்தாங்க. என் பேப்பர்ல தப்பு இருக்குன்னு நானே சொன்னா, திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேன். அப்புறம்... எழுதலாம் எழுதலாம்னே போயிருச்சு."

நான் கோபக்காரி என்று எங்கள் கடைத்தெரு முழுவதற்கும் தெரியும். அன்று எனக்குக் கத்த வரவில்லை. அவர் பயந்ததும் எனக்குப் புரிந்தது. எங்கள் கடை, எங்கள் பிள்ளைகள் எல்லாமே அந்தப் பயத்துக்குப் பிறகு வந்தவைதான். அதனாலேயே இன்னும் ஆத்திரமாக வந்தது. நாளைக் காலை இந்த ஊர் நேரப்படி எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்காருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

நான்காம் நாள்.

கணேசன் அண்ணன் எனக்கு முன்பே வந்து கஸ்தூரி மேடத்தின் அறை வாசலில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பொத்தான் போட்டிருந்தது. பாலித்தீன் உறையில் அவருடைய சான்றிதழ். மடிப்புகள் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. எத்தனை முறை எடுத்துப் பிரித்திருந்தால் காகிதம் அப்படிக் கிழியும்!

போனில் கணவர் வந்தார். முகம் திரை முழுவதும் அடைத்தது.

"எலே கணேசா" என்றார் கணேசன் அண்ணன்.

"கணேசா" என்றார் கணவர். நான் போனைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

"அந்த லெட்டரு..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"முடியெல்லாம் எங்கடா போச்சு?" என்றார் கணேசன் அண்ணன்.

"கணேசா, நான் பதில் போட்டிருக்கணும்."

"ஆமா. போட்டிருக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கஸ்தூரி மேடம் போனை வாங்கி, "தழும்பை கேமரா பக்கம் காட்டுங்க சார்" என்றார். காட்டினார். மஞ்சுவிரட்டு மாடு அன்றோடு செத்தது. என் அப்பா உயிரோடு இல்லாதது கணவரின் அதிர்ஷ்டம்.

கடிதம் கணினியில் பாதி அடித்திருக்கும்போது மின்சாரம் போனது. யாரும் ஆச்சரியப்படவில்லை. மேடம் ஒரு பெருமூச்சு விட்டு, பேனாவை எடுத்து இரண்டு கடிதங்களையும் கையாலேயே எழுதினார். மூடிய பள்ளியின் முத்திரையைச் செல்வி டப்பாவிலிருந்து எடுத்தாள். மை உலர்ந்திருந்தது. எச்சில் தொட்டு, ஊதி, நாலு முறை குத்தியதும் பெயர் விழுந்தது. அந்தப் பள்ளியின் பெயரைத் திண்டுக்கல்லில் நான் முழுசாகப் பார்த்தது அந்த முத்திரையில்தான்.

என் கடிதத்தைக் கைப்பையில் வைத்தேன். உடனே கிளம்பினால் மதுரைக்குப் போய் விமானத்தைப் பிடிக்கலாம். நேரம் நெருக்கிக்கொண்டிருந்தது.

கணேசன் அண்ணன் தன் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய வாசித்தார். முடித்து, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு அதைப் பழைய மடிப்பு விழாமல், புதிதாக மடித்து உறைக்குள் வைத்தார்.

"சரியா எழுதியிருக்காங்க. இனிமே இதை யாரும்மா பாக்கப் போறா?"

அந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டு எத்தனை முறை எரிந்திருப்பேன். இவர் வாயில் கேட்டபோது எரியவில்லை. கைப்பையைத் திரும்ப மேசை மேல் வைத்தேன்.

"காட்டுங்கண்ணே. நான் பார்க்கிறேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெல்லக் கழுத்துப் பொத்தானைக் கழற்றி, காலரை விலக்கி, தலையை வலப்பக்கம் சாய்த்தார். கஸ்தூரி மேடமும் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். செல்வி ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

கழுத்தின் இடப்பக்கம், காதுக்குக் கீழே, மிளகு அளவில் மச்சம் இருந்தது.

"இருக்கு" என்றேன்.